ஐந்தாம் மாடி நற்செவிக் கழகம்

அப்தீன் வட்டாரத்தில் எங்கள் கட்டடத்தைப் போல அடிதடிக்கு வசதியான கட்டடம் வேறு கிடையாது. நடுவில் ஒரு வெளிச்சக் குழி. எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும். முதல் மாடியில் ஒருவன் மனைவியிடம் செருப்படி வாங்கினால், அது இடது கால் செருப்பா வலது கால் செருப்பா என்று மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவள் சொல்லிவிடுவாள். உம் ராமி, அதாவது ராமியின் அம்மா, என்றுதான் இங்கே எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் பிறத்தியார் விவகாரத்தில் காது கொடுக்கிறவள் இல்லை. மூன்றாம் மாடியில் என் சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். விழுவது அது பாட்டுக்கு வந்து விழும். அதை எடுத்துத் திருப்பிப் போடவா முடியும்?

அப்படி வந்து விழுந்ததில் பெரும்பகுதி ஐந்தாம் மாடியிலிருந்துதான். அங்கே நற்செவிக் கழகம் குடிவந்த பிறகு கட்டடத்தில் மற்றவர்கள் சண்டை போடுவதையே குறைத்துக்கொண்டார்கள். அந்தத் தரத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

கழகத்தின் நோக்கம் எளிது. மனிதன் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க எந்த ஹெட்ஃபோன் வாங்குவது, அதை எந்த ஆம்ப்ளிஃபயரில் எப்படிச் சொருகுவது என்று வழிகாட்டுவது. தலைவர் ஷவ்கத் பே, ஓய்வுபெற்ற பிரிகேடியர். பே, பாஷா என்பதெல்லாம் எங்கள் ஊரில் பெரிய மனுஷருக்குக் கொடுக்கிற மரியாதை. எந்தத் துறையில் இருந்தார் என்று அவர் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கேட்காமலிருப்பதே உடம்புக்கு நல்லது என்று அவர் கையைக் குலுக்கியவர்கள் சொன்னார்கள். செயலாளர் டாக்டர் பஹ்கத், பல் மருத்துவர். பல்லும் காதும் பக்கத்து வீடு என்ற முறையில் செவி சம்பந்தப்பட்டதெல்லாம் அவர் பொறுப்பு.

எங்கள் ஊர்க்காரர்களால் பாட்டை வாய் மூடிக் கேட்க முடியாது என்பது தெரிந்ததுதான். பாடகன் ஒரு வரியை முடித்து மூச்சு விடும் இடத்தில் கேட்கிறவன் "அல்லாஹ்" என்று கத்த வேண்டும், "இன்னொரு தடவை, ஷேக்" என்று கெஞ்ச வேண்டும். அப்போதுதான் பாடுகிறவனுக்குச் சோறு இறங்கும். கழகத்தில் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு ஹெட்ஃபோன், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாட்டு. வெளியே ஒரு சுரம் கூட வராது; கத்தல் மட்டும் வரும். முதல் வெள்ளிக்கிழமை, அத்தனை அமைதிக்கு நடுவில், ஓர் ஆண்குரல் "ஆ, என் ஈரலே" என்றது. இன்னொருவன் "கொல்லுடா, கொல்லு" என்றான். நான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டேன். வந்தவர்கள் கதவைத் தட்டி, சாவது யார் என்று விசாரித்தார்கள். பாட்டின் நடுவில் பேசியதற்காக ஷவ்கத் பே அவர்களில் ஒருவன் பிடரியில் விட்ட அறையோடு அவனைத் தாங்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரிலேயே இறக்கிக்கொண்டு போனார்கள்.

இந்த இடத்துக்குத்தான் எங்கள் லுத்ஃபி தன் கால்களால் ஏறிப் போனான்.

லுத்ஃபி எனக்கு எதிர் ஜன்னல்காரன். ஒரு செருப்புக் கடையில் விற்பனையாள். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் மண்டியிட்டு, "பிடிக்குதா மேடம், கடிக்குதா மேடம்" என்று கேட்டுக் கேட்டு, யார் எது செய்தாலும் நன்றி சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அவனுடைய அப்பா அப்த் ரப்போ, இவன் பால்குடி மறக்கும் முன்பே செத்துப்போனார். ஒரு புகைப்படம் இருக்கிறது, அதில் மீசைதான் தெரியும். ஆனால் அத்தை ஒருத்தி சாகும்போது ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தாள். தன்தா ஊரில் ஒரு கல்யாண வீட்டில் ஷேக் மர்ஸூக் பாடியது. கதவைத் திறக்காத காதலியைப் பற்றி ஒரு வரி வரும், ஷேக் அதை மூன்றாம் தடவை எடுக்கும்போது உங்கப்பன் கூட்டமே அதிரும்படி குரல் கொடுத்தான், ஷேக் பாட்டை நிறுத்தி அவனைப் பார்த்துச் சிரித்தார், எல்லாம் இதில் இருக்கிறது என்றாள்.

லுத்ஃபி அதைப் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டு, தெருவோரத்தில் வாங்கிய காதுக் குமிழைச் சொருகிக் கேட்டுப் பார்த்தான். ஷேக் குரல் கேட்டது. கூட்டத்தின் குரல் வந்த இடமெல்லாம் மீன் பொரிக்கிற சத்தம்தான். அந்தப் பொரியலுக்குள் எங்கோ அவன் அப்பா இருந்தார்.

நல்ல ஹெட்ஃபோனாக எது வாங்கலாம் என்று என்னிடம்தான் முதலில் கேட்டான். அப்துல் அஸீஸ் தெருவுக்குப் போ, காதில் உட்காருவது எதுவோ அதை வாங்கு என்றேன். தப்பாக வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டான். மேலே அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்களே, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றான். கேசட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினான்.

ஒரு வார்த்தை கேட்டான். பதிலுக்கு இரண்டு அறை விழுந்தது. இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. வெளிச்சக் குழியில் இரண்டும் ஒரே அளவாக வந்து விழுந்ததைக் கேட்டதும் எனக்கே ஆச்சரியம்.

"பயப்படாதே, மகனே" என்றார் ஷவ்கத் பே. "எந்த மனுஷனுக்கும் ரெண்டு காதும் சமமா இருக்காது. ஒண்ணு சொன்னதைக் கேக்கும். இன்னொண்ணு யோசிக்கும். யோசிக்கிற காதோட ஹெட்ஃபோன் வாங்கினா காசு தண்டம். அதான் முதல்லயே ரெண்டையும் சமப்படுத்திடறது. நான் நாப்பது வருஷமா ஜனங்களைக் கேட்டவன். என் அளவு தப்பாது."

லுத்ஃபி நன்றி சொன்னான்.

மறுவாரம் ஹெட்ஃபோன் தேர்வு. கழகத்தில் இரண்டு கட்சி. முதுகு திறந்த ஹெட்ஃபோன்தான் ஹெட்ஃபோன், சத்தம் மூச்சுவிட வேண்டும் என்பது டாக்டர் பஹ்கத்தின் கட்சி. முதுகு மூடியதுதான் மானமுள்ளவன் போடுவது, உள்ளே நடப்பது வெளியே போகக்கூடாது என்பது ஷவ்கத் பேயின் கட்சி. லுத்ஃபியை நடுவில் முக்காலியில் உட்காரவைத்து, நீ எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவன் தொழில் பழக்கத்தில், ரொம்ப நேரம் போட்டாலும் கடிக்காததாக இருந்தால் போதும் என்றான்.

கழகம் உருவான நாளிலிருந்து இரு கட்சியும் ஒன்றுபட்டு எதையும் செய்ததில்லை என்கிறார்கள். அன்று செய்தார்கள். முக்காலி முதலில் உடைந்தது. அவனை அடித்து முடித்த பிறகு, அவனை முதலில் அடித்தது யார் என்பதில் பிரச்சினை வந்து கட்சிகள் ஒன்றையொன்று அடிக்க ஆரம்பித்தன. வயரைச் சாட்டையாகச் சுழற்றினால் தங்கமுலாம் பூசிய முனை தோலைக் கிழிக்கும் அழகே தனி என்று அன்றுதான் தெரிந்தது. மரப்பலகையில் செய்த ஹெட்ஃபோன் தாங்கி ஒன்று டாக்டரின் முன்பல்லில் பட்டது. அவர் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைத் தானே ஒட்டிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து உதைத்தார்.

லுத்ஃபி வீங்கிய உதட்டோடு படியிறங்கி வந்தபோது அவன் மனைவி நக்வா வாசலில் நின்றாள்.

"நாளெல்லாம் செருப்பு விக்கிற, சாயங்காலம் அடியும் வாங்கிட்டு வர. கடையில மிச்சமாறதை வீட்டுக்கு எடுத்துட்டு வர்றியா?"

எந்தக் கட்சி ஹெட்ஃபோன் என்பது தீர்மானமாகிவிட்டது என்றான் அவன். மூடியது. காரணம், திறந்த கட்சியில் நிற்கக்கூடிய நிலையில் யாரும் இல்லை.

அடுத்தது இணைப்பு. அவன் வாங்கிவந்த ஹெட்ஃபோனில் சின்னப் பின், கழகத்து ஆம்ப்ளிஃபயரில் பெரிய துளை. நடுவில் ஒரு சின்ன இணைப்பான் போட்டால் போதும், அப்துல் அஸீஸ் தெருவில் கீரைக்கட்டு விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதை முடிவு செய்ய இணைப்பான் துணைக்குழு கூட வேண்டும். சென்ற கூட்டத்துக்குப் பிறகு துணைக்குழு மருத்துவமனையில் இருந்தது. துணைக்குழு எழுந்து உட்காரும் வரை அவன் ஹெட்ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு சொற்பொழிவு கேட்டான்.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றி டாக்டர் சொன்னதில் உருப்படியான விஷயம் ஒன்று உண்டு. சொருகும் முன் சத்தத்தின் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாட்டு ஓடும்போது பின்னைப் பிடுங்கவே கூடாது. பின் உள்ளே இருக்கும்வரை மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி நிற்கும் அந்த இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வாயை மூடிக்கொண்டிருக்கும். பிடுங்கிய நொடியில் திறந்துகொள்ளும். நம் ஹெட்ஃபோனெல்லாம் முரட்டு ரகம், திருகை முக்கால்வாசி சுற்றினால்தான் முனகவே முனகும். அதே அளவு ஸ்பீக்கருக்குப் போனால் சுவர் பேசும் என்றார். பல் ஆடியதால் இதை அவர் மெதுவாகச் சொன்னார்.

ஷவ்கத் பேயின் சொற்பொழிவு இன்னும் ஆழம். எனக்குத் தாளிப்பு கருகிப்போகும் அளவுக்கு ஆழம்.

"எல்லாம் எதிர்ப்புதான், மகனே. ஹெட்ஃபோனுக்கு ஹெட்ஃபோன் எதிர்ப்பு மாறும். எதிர்ப்பு கம்மின்னா சின்னதா ஒரு தள்ளு, எல்லாத்தையும் பாடிடும். எதிர்ப்பு ஜாஸ்தின்னா பெரிய மின்சாரம் வேணும். அவசரப்பட்டு முழுசா கொடுத்தா எரிஞ்சு போயிடும், அப்புறம் ஒண்ணும் கேக்க முடியாது, மேலதிகாரி கோவிச்சுப்பார். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பக்கத்துல ஒரு டாக்டர் இருக்கணும். அதுக்குத்தான் பஹ்கத்." சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நான் ஹெட்ஃபோனைத்தான் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று கைதட்டல் பலமாக இருந்தது. தட்டாதவர்கள் பெயரை டாக்டர் கவனித்துக்கொண்டிருந்தாராம்.

இதற்கிடையில் கத்துவதற்கும் விதிமுறை வந்துவிட்டது. எந்தப் பாட்டில் எந்த வரியில் "அல்லாஹ்" சொல்லலாம், எங்கே பெருமூச்சு மட்டும், எங்கே தொடையில் தட்டிக்கொள்ளலாம் என்று தலைவர் அறிவித்தார். தவறினால் பிடரியில். ஹெட்ஃபோன் போட்டிருப்பவனுக்குப் பின்னால் ஆள் வருவது தெரியாது என்பதால் தண்டனை தவறாமல் நிறைவேறியது. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மேலிருந்து "அல்லாஹ்" ஒன்று, பளார் ஒன்று என்று மாறி மாறி வரும். முலுக்கிய்யா கீரையில் பூண்டுத் தாளிப்பைக் கொட்டும்போது நாங்கள் பெண்கள் திடுக்கிட்டதுபோல் ஒரு மூச்சை உள்ளிழுப்போம். இல்லாவிட்டால் ருசி ஏறாது. அதை எங்கே இழுப்பது என்று எனக்கு எந்தப் பிரிகேடியரும் சொல்லித் தந்ததில்லை. கட்டையால் அடித்திருந்தால் இன்னும் நன்றாகச் சமைத்திருப்பேனோ என்னவோ.

பிறகுதான் தூய்மைத் திட்டம் வந்தது. பழைய கேசட்டுகளில் கூட்டத்தின் குரல்கள் நிறைந்து கிடக்கின்றன, அவை எந்த விதிமுறைக்கும் உட்படாத காலத்தில் கத்தியவை, அவற்றை எல்லாம் அழித்துப் பாட்டை மட்டும் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. "செத்தவன் ஏற்கெனவே கத்திட்டுப் போன இடத்துல உயிரோட இருக்கிறவன் எங்கேய்யா கத்துறது?" என்று ஷவ்கத் பே கேட்டாராம். உறுப்பினராகிறவன் தன்னிடமுள்ள கேசட்டைத் தூய்மைக்குக் கொடுத்தால்தான் இணைப்பான் கிடைக்கும்.

லுத்ஃபி கேசட்டைக் கொடுத்துவிட்டான்.

எனக்கு விஷயம் தெரிந்ததும் ஜன்னலைத் திறந்து, ஏண்டா, அவர்கள் அழிக்கப்போவது உன் அப்பாவைத்தானே என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அழுக்கை மட்டும்தான் எடுப்பார்கள் என்று நினைத்தானாம். அறை வாங்கிப் பஞ்சு வைத்த காதுகளோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டத்தின் குரல் என்றால் அதற்குள் தன் அப்பாவும் வருவார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு அவர் கூட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தூய்மை அமர்வு. நக்வா அவனைத் தனியே அனுப்பவில்லை. கூடவே போய் வாசல்படியில் நின்றாள். இனி நான் சொல்வதில் பாதி அவள் நடித்துக் காட்டியது. மீதி அது பாட்டுக்கு வந்து விழுந்தது.

அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன் என்று லுத்ஃபி கெஞ்சினான். ஷவ்கத் பே இரங்கினார். கேட்கலாம், ஆனால் விதிப்படி. இணைப்பு பெறாதவன் காதில் எதுவும் போடக்கூடாது. கழகத்தின் கமிட்டி கேட்கும், அந்தக் குரல் சரியான இடத்தில் விழுந்திருந்தால் விட்டுவிடலாம், தவறான இடத்தில் விழுந்திருந்தால் அழித்துவிடலாம். ஒரே துளையிலிருந்து வயர் பிரித்துக் கமிட்டியில் எல்லோருடைய ஹெட்ஃபோனையும் மாட்டினார்கள். அத்தனை காதுக்கும் பங்கு போவதால் திருகைக் கிட்டத்தட்ட முடிவு வரை சுற்ற வேண்டியிருந்தது. டாக்டர் கேசட்டைப் போட்டார்.

நடுக்கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. லுத்ஃபி கை கட்டி நின்று வரிசையாக அவர்கள் முகத்தைப் பார்த்தான். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கண்ணை மூடினான். ஒருவன் தலையாட்டினான். திடீரென்று எல்லா முகமும் ஒரே நேரத்தில் சுளித்தது. பஹ்கத் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஷவ்கத் பேயின் மீசை ஒருமுறை துடித்தது. தன் அப்பா இப்போதுதான் இந்த முகங்களின் வழியாகக் கடந்து போகிறார் என்று லுத்ஃபிக்குத் தெரிந்தது. அவன் வாய் திறந்திருந்தது, தாகம் எடுத்தவன்போல என்றாள் நக்வா.

ஷவ்கத் பே ஒரு காதை மட்டும் விலக்கினார். "வரி முடியல. நடுவுலயே குரல் வருது. அது பாராட்டும் இல்ல. ஒழுக்கம் கெட்ட குரல். அழிச்சுடு, பஹ்கத்."

"என்ன சொன்னார், பாஷா?" என்றான் லுத்ஃபி.

"அது உனக்கு வேண்டியதில்ல."

"எங்கப்பா, பாஷா. என்ன சொன்னார்னு மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் அழிச்சுக்கோங்க."

"கமிட்டி கேட்டாச்சுன்னா நாட்டுக்கே கேட்டாச்சுன்னு அர்த்தம், மகனே. நன்றி சொல்லிட்டுக் கிளம்பு."

டாக்டர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று குறித்துக்கொள்ள நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி ஓடவிட்டார். ஷவ்கத் பே விலக்கிய காதையும் மூடிக்கொண்டார். லுத்ஃபி தலைவர் நாற்காலிக்கு முன்னால் போய் மண்டியிட்டான். காலைப் பிடிக்கப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் அகல விரித்து, ஹெட்ஃபோனோடு சேர்த்து, ஷவ்கத் பேயின் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அறைந்தான். இடதும் வலதும் துல்லியமாகச் சமம். மூன்றாம் மாடிக்கு ஒரே சத்தமாகத்தான் வந்தது.

அதன் பிறகு நடந்ததை யார் யாரை அடித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவன் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி இன்னொருவன் மண்டையில் இறக்கினான். கமிட்டி மொத்தமும் ஒரே துளையில் கட்டப்பட்டிருந்ததால் யார் விழுந்தாலும் மற்றவர்களின் கழுத்து இழுபட்டது. மூடிய கட்சிக்காரன் ஒருவன் தன் வயரே கழுத்தைச் சுற்றி நீலம் பாரித்துக் கிடந்தான். திறந்த கட்சிக்காரன் அவனை அவிழ்த்துவிட்டு மறுபடி அடித்தான். பஹ்கத்தின் பல் இந்தத் தடவை ஜன்னல் வழியாகப் பறந்து வெளிச்சக் குழிக்குள் விழுந்தது. என் துணிக்கொடியில் தட்டியது. நக்வா செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள். வலது கால் செருப்பு. லுத்ஃபியின் மேல் நான்கு பேர் ஏறி உட்கார்ந்து அவன் முகத்தைத் தரையில் தேய்த்தார்கள். அவன் ரத்தம் வழிய ஊர்ந்துபோய் எது கைக்கு வந்ததோ அதைப் பிடித்து இழுத்தான். கைக்கு வந்தது கமிட்டியின் வயர்.

பின் பிடுங்கிக்கொண்டது.

நான் அப்போதுதான் தாளிப்பைக் கையில் எடுத்திருந்தேன். வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து ஷேக் மர்ஸூக் எங்கள் கட்டடத்துக்குள் வந்து நின்றார். பாத்திரங்கள் நடுங்கின. ஏழு மாடியிலும் பேச்சு நின்றது. கதவைத் திறக்காத காதலியை அவர் மூன்றாம் தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன் நடுவில், எங்கள் சுவருக்குள்ளிருந்தே பேசுவதுபோல, ஒரு குரல்:

"முன்னாடி உக்காந்திருக்கிற மலையே, தலைப்பாகையைக் கழட்டுறியா, இல்ல தலையோட சேத்து நான் கழட்டட்டுமா?"

இன்னொரு குரல் கெஞ்சியது. "விடுய்யா, அப்த் ரப்போ. பாட்டு நடக்குது."

"பாட்டுக்காகத்தான்யா அடிக்கிறேன்."

பளார். அதுவும் நல்ல சுத்தமான அறை; கமிட்டியில் எவனாலும் அப்படி அறைய முடியாது. கூட்டம் சிரித்தது. ஷேக் பாட்டை நிறுத்தினார். அவரும் சிரித்தார், பெரிய மனுஷன், அடித்தொண்டையிலிருந்து. சிரித்துவிட்டு அதே வரியை இன்னும் ஒரு சுற்று உயரத்தில் எடுத்தார். தாளிப்பு தானாகவே கையிலிருந்து கீரையில் கவிழ்ந்தது. நான் மூச்சை இழுத்தேன். எல்லாச் சமையலறைகளிலிருந்தும் ஒரே குரலாக "அல்லாஹ்" எழுந்தது. யாரும் யார் பிடரியிலும் அறையவில்லை.

மேலே அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஷவ்கத் பே மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சபையில் இத்தனை அமைதியைத் தான் கண்டதே இல்லை என்று பாராட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்றுவரை எதுவும் காதில் விழுவதில்லை. கழகத்தின் ஆயுள் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் மாடிச் சமையலறை ஜன்னலில் லுத்ஃபியின் தலை வெளியே வந்தது. ஒரு கண் மூடிக் கிடந்தது. மூக்கிலிருந்து வழிந்தது சொட்டுச் சொட்டாக என் துணியில் விழுந்தது. அவன் நேராக என் ஜன்னலைத்தான் பார்த்தான்.

"உம் ராமி, கேட்டீங்களா? எங்கப்பா. கேட்டீங்களா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் குழியில் விழுந்த எதையும் நான் கேட்டதாக ஒத்துக்கொண்டதில்லை. ஒரு வார்த்தை விடாமல், மூச்சு விட்ட இடம் உட்பட, எனக்குக் கேட்டிருந்தது.

"சரியா காதுல விழல, லுத்ஃபி" என்றேன். "இன்னொரு தடவை போடு."